பெயர் தெரியாத ரசிகரின் ஒலிநாடா

மதுரை மணி ஐயர் 1968-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள் காலமானார். அவர் மறைந்த பின் பிறந்தோரும் அவருடைய சுரக்கோவைகளைக் கேட்டு இன்புறுகின்றனர். இந்த நன்மையில் இசைத்தட்டு நிறுவனங்களின் பங்கு மிகச் சிறிது. இன்று நாம் கேட்கும் அவர் குரலின் பெரும்பகுதி கச்சேரி மேடைகளிலும் வானொலி நிலையத்திலும் பதிவானது. மேடைப் பதிவுகளுள் பலவற்றைச் செய்தவர்கள், ஊதியமோ புகழோ நாடாத ரசிகர்கள்.

பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடங்களே அடங்கும். அதற்குள் ஓர் இராகத்தை ஆலாபனை செய்யச் சொல்வது, காவிரியைச் செம்பில் மொள்ளச் சொல்வதற்கு ஒப்பாகும். சுருள் நாடா வந்தபின் நிலைமை மாறிற்று. ஏழு அங்குலச் சுருளில் 1,200 அடி நாடா இருக்கும். வினாடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் ஓட்டினால் 32 நிமிடங்கள். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் 64 நிமிடங்கள், ஆனால் ஒலியின் தெளிவு குன்றும். கச்சேரியோ மூன்று மணி நேரத்தையும் தாண்டும். ஆகவேதான் அந்நாளைய பதிவுகளில் பல்லவியின் நடுவே ஓசை அற்றுப்போகிறது. மீண்டும் வரும்போது பாடகர் வேறோரிடத்தில் இருக்கிறார். நாடா மாற்றும் அந்த ரசிகரின் பதற்றத்தை நாம் ஊகித்துக்கொள்ளலாம்! ஒலிபெருக்கியை விரும்பாத பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கமும் இத்தகைய நாடாக்களில் நமக்கு எஞ்சியிருப்பது காலத்தின் குறும்பே.

மேலை நாடுகளிலும் இக்கதை உண்டு. 1901 முதல் 1903 வரை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் இசை நாடக அரங்கின் நூலகர் லயனல் மேப்பிள்சன், மேடை இசையை மெழுகு உருளைகளில் பதிந்தார். ழான் தெ ரெஸ்கே என்னும் பெரும் பாடகரின் குரல், இரைச்சலுக்கு இடையே, அவற்றில் மட்டுமே கேட்கிறது. 1947, 1948-ஆம் ஆண்டுகளில் டீன் பெனடெட்டி என்பவர் ஜாஸ் கலைஞர் சார்லி பார்க்கரைத் தொடர்ந்து பதிவு செய்தார். பார்க்கர் வாசிக்கும்போது கருவி ஓடும். மற்றவர் முறை வந்தால் பெரும்பாலும் நிறுத்திவிடுவார். வரலாற்றாசிரியனுக்கு இது குறை. எனினும் ஒரு ரசிகரின் அன்பு எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் சான்று வேறில்லை. அமெரிக்க ராக் இசைக் குழுவாகிய கிரேட்ஃபுல் டெட், 1984-இல் பதிவு செய்வோருக்கென அரங்கில் தனி இடமே ஒதுக்கியது.

நம் திருச்சபையினருக்கு இது புதிதன்று. புனித அகுஸ்தீனார் ஹிப்போ நகரில் ஆற்றிய மறையுரைகள் பல, சுருக்கெழுத்தர்கள் உடனுக்குடன் குறித்துக்கொண்டமையால் நமக்குக் கிடைத்தன. மக்கள் எழுப்பிய ஆரவாரத்தின் சுவடும் அவற்றில் உண்டு. ரசிகரின் நாடாவிலும் அவ்வாறே இருமலும், தாளம் போடும் கையும், அழும் குழந்தையும், "பேஷ்!" என்னும் குரலும் பதிந்துள்ளன. ஒலிப்பதிவுக் கூடத்தில் அகற்றப்படும் இவையே, கேட்டவர் யார் என்பதைச் சொல்கின்றன.

கலைஞரின் உரிமை என்னாவது என்ற கேள்வி நியாயமானது. 1994-இல் திருத்தப்பெற்ற நம் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துவோரின் உரிமையை ஏற்றது. தம் சொந்தப் பயன்பாட்டுக்காகப் பதிவு செய்பவருக்கு விலக்கும் அளித்தது. விற்பவரையும் போற்றிக் காப்பவரையும் சட்டம் ஒன்றாகக் கருதவில்லை என்பதே நம் மனநிறைவு.

ஆனால் அந்த நாடாக்களுக்கு எதிரி சட்டமன்று. ஈரமும் பூஞ்சையும், பரணைச் சுத்தம் செய்யும் பேரப்பிள்ளைகளுமே. ஓட்டுவதற்குக் கருவி இல்லாமல் சுருள்கள் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் இன்று திருவிழா இன்னிசைக் கச்சேரி என்றால், சிப்காட் ஆலைகளில் வேலை முடித்து வரும் இளைஞர்களின் கைபேசிகள் நூற்றுக்கணக்கில் உயர்கின்றன. நாடா மாற்றும் தொல்லை அவர்களுக்கு இல்லை. நினைவகம் நிறைந்துவிட்டது என்று திரையில் அறிவிப்பு வந்ததும், முதலில் அழிக்கப்படுவது அந்தக் கச்சேரிதான்.