விளையாட்டு விலைப்பொருளான வரலாறு

தூத்துக்குடிக் கரையில் 1961 வரை நடந்த முத்துச் சலாபங்களில், குளியாட்கள் கடலடிப் பார்களிலிருந்து அள்ளி வந்த சிப்பிகளுள் அவர்களுடைய பங்கு போக எஞ்சியவை, வாய் திறக்கப்படாமலே, ஆயிரத்துக்கு இன்ன விலை என்று சர்க்கார் ஏலத்தில் விடப்பட்டன. உள்ளே ஆணிமுத்து உண்டா, வெறுஞ் சதைதானா என்று அறியாமலே பணம் கைமாறியது. காணாத சரக்குக்குக் கிரயம் பேசிப் பழகிய இக்கரையாருக்கு, கையால் தொட முடியாத கணிப்பொறி ஆட்டம் கடைச்சரக்கான சரித்திரம் அந்நியமாகத் தோன்றாது.

அவ்வாட்டங்களுள் முதலில் விற்பனையானது எது என்ற வாதத்தில், விற்கப்பட்ட பொருள் யாது என்பதையே முதலில் தெளிய வேண்டும். 1971-இல் வந்த ‘கம்ப்யூட்டர் ஸ்பேஸ்’, 1972-இல் வந்த ‘பாங்’ ஆகிய காசு போடும் யந்திரங்களில் ஆடும் வாய்ப்பு மட்டுமே விலைக்குக் கிடைத்தது. அதே 1972-இல் வெளியான ‘மேக்னவாக்ஸ் ஒடிசி’, தொலைக்காட்சியில் இணைக்கும் பெட்டியாக விற்றது. 1973-இல் டேவிட் ஆல் நூற்றொரு ஆட்டங்களைத் தொகுத்து வெளியிட்டது புத்தகம். தனிமனிதர் சொந்தமாக வைத்துக்கொள்ளும் கணிப்பொறிக்கென எழுதப்பெற்று, அந்த நிரலுக்காகவே விலை பெற்றவற்றுள் முற்பட்டதாகப் பலரும் கொள்வது, கனடாவின் பீட்டர் ஜென்னிங்ஸ் 1976 டிசம்பரில் அனுப்பத் தொடங்கிய ‘மைக்ரோசெஸ்’ என்பதாகும்.

பாரத நாட்டுச் சதுரங்கத்தின் வழித்தோன்றலான அவ்வாட்டத்தை, 1 கிலோபைட்டைச் சற்றே மிஞ்சிய நினைவகமுடைய ‘கிம்-1’ என்னும் கணிப்பொறிப் பலகையில், 924 பைட்டுக்குள் அவர் அடக்கினார். அதற்குத் திரை இல்லை. ஆறு எழுத்துகள் ஒளிரும் சிறு கட்டமே உண்டு. ஆதலின் வாங்கியவர், 10 டாலர் கொடுத்துத் தபாலில் பெற்ற அச்சுப் பட்டியலின் எண்களை ஒவ்வொன்றாக விசைகளில் அழுத்தி ஏற்றியபின், மெய்யான சதுரங்கப் பலகையைப் பக்கத்தில் விரித்துக்கொண்டு, எந்தக் காய் எந்தக் கட்டத்திலிருந்து எங்கே போகிறது என்று யந்திரம் எண்களால் காட்டியதைத் தம் கையாலேயே நகர்த்தினார்.

சிப்பியின் மதிப்பு மூடியிருப்பதில் நின்றது. இந்தப் பட்டியலோ முழுவதும் வெளிப்படை, பார்த்தவர் எவரும் பிரதி எடுக்கலாம். இருந்தும் மக்கள் பணம் கொடுத்தனர் என்பதே இவ்வாணிபத்தின் புதுமை. பிறருடைய புத்திப் பிரயாசைக்கு, அது கையால் பிடிக்க முடியாததாயினும், விலை உண்டு என்பதை அந்தப் பத்து டாலர்கள் ஒப்புக்கொண்டன. உரிமை முழுவதும் 1,000 டாலருக்கு மொத்தமாகக் கேட்கப்பட்டபோது ஜென்னிங்ஸ் இணங்காமல், பிரதிக்கு இவ்வளவு என்றே விற்றார். பிற்காலத்தில் விற்பனை 50,000 பிரதிகளைத் தாண்டியது.

அந்த ஆதாயத்தின் ஒரு பகுதியே, அவர் பங்காளியாயிருந்த நிறுவனத்தின் வாயிலாக, 1979-இல் வெளிவந்த ‘விசிகால்க்’ என்னும் கணக்குத்தாள் நிரலுக்கு முதலாயிற்று. தனியாள் கணிப்பொறியை அலுவலகங்களுக்குள் புகவிட்டதில் அந்நிரலுக்குப் பெரும்பங்கு உண்டு. பொழுதுபோக்கென்று புறந்தள்ளத்தக்க ஓர் ஆட்டம், காரியக்காரர்களின் பேரேட்டுக்கு மூலதனம் இட்டது.