படகோட்டி சொன்ன கதை

உலு யாம் பக்கத்துத் தோட்டங்களில் கடல் இல்லை. சிலாங்கூர் ஆறு கடலில் கலப்பதையும் மீன்பிடிப் படகுகளையும் பார்க்க நாம் கோல சிலாங்கூருக்குத்தான் போகவேண்டும். ஆனாலும், கடற்கரை மீனவர் கதையான ‘படகோட்டி’ தோட்டத்து மக்களுக்கு அந்நியமான படமன்று.

1964ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த இந்த வண்ணப் படத்தை டி. பிரகாஷ் ராவ் இயக்கினார். பாடல்கள் அனைத்தையும் வாலி எழுத, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையமைத்தனர். இரண்டு மீனவக் குப்பங்களுக்குள் தீராப் பகை. ஒரு குப்பத்து மாணிக்கமாக எம்.ஜி.ஆரும், எதிர்க்குப்பத்து முத்தழகியாக சரோஜாதேவியும் நடித்தார்கள். காதலுக்குக் குறுக்கே நிற்பது அந்தப் பகை. பகையை ஊதி வளர்ப்பவரோ, நம்பியார் நடித்த பணக்காரர். குப்பங்கள் மோதிக்கொள்ளும் வரை மீனுக்கு நியாய விலை கேட்க ஆளிருக்காது அல்லவா? கங்காணிக் காலத்துக் கடனையும், ஆளுக்கு ஆள் மூட்டிவிட்ட கோள்களையும் பாட்டன்மார் சொல்லக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மறு ஆண்டு, 1965இல், ராமு காரியாத்தின் ‘செம்மீன்’ மலையாளத்தில் வந்தது. தகழி சிவசங்கரப் பிள்ளை 1956இல் எழுதிய நாவலே அதன் மூலம். மீனவப் பெண் கறுத்தம்மாவும் முஸ்லிம் மீன் வியாபாரி பரீக்குட்டியும் காதலிக்கிறார்கள். படகும் வலையும் வாங்க அவனிடம் பணம் பெற்ற அவள் தகப்பன் அதைத் திருப்பித் தரவில்லை. கறுத்தம்மாவோ வேறொருவனுக்கு வாழ்க்கைப்படுகிறாள். மனைவியின் கற்பே கடலுக்குப் போன கணவனைக் காக்கும் என்ற நம்பிக்கை, பாரம் முழுவதையும் பெண்ணின் தலையில் வைக்கிறது. சோகத்தைச் சொல்வதில் ‘செம்மீன்’ ஒரு படி மேல் என்பது நம் கருத்து. தென்னிந்தியப் படங்களில் முதன்முதலாகக் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் பெற்றதும் அதுவே.

அமெரிக்காவில் எலியா கசான் 1954இல் எடுத்த துறைமுகப் படத்திலும், மார்லன் பிராண்டோ நடித்த கூலித் தொழிலாளி, கொலையுண்டவனின் தங்கையைக் காதலிக்கிறான். அங்கே தொழிலாளரை மிரட்டி ஆள்பவர்கள் தொழிற்சங்கத்துத் தலைவர்களே! நம் நாட்டில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானதும் அதே 1954இல்தான். சங்கம் வேண்டும், அதைக் கண்காணிக்கும் உறுப்பினரும் வேண்டும்.

மாணிக்கமாக நடித்தவர் 1977 ஜூன் மாதம் தமிழ்நாட்டின் முதலமைச்சரானார். அதன்பின் அதே ஆண்டில் திரைக்கு வந்த அவருடைய படத்தின் பெயர் ‘மீனவ நண்பன்’.