சுண்டிக்குளம் தேசியப் பூங்கா

யாழ்ப்பாணக் குடாநாடு வன்னிப் பெருநிலத்தோடு சேரும் கிழக்குக் கரையில் உள்ள ஈரநிலக் காப்பகம் சுண்டிக்குளம் தேசியப் பூங்கா. 1938 பெப்ரவரி 25 அன்று பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இது, 2015 ஜூன் 22 அன்று தேசியப் பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்டது. பரப்பு 19,565 ஹெக்டேயர். குடாநாட்டின் வடக்கிலுள்ள உடுப்பிட்டிப் பக்கமிருந்து போவோர் பருத்தித்துறை சென்று, மருதங்கேணி, கட்டைக்காடு வழியாகக் கரையோரமாய்த் தெற்கே இறங்கவேண்டும்.

பூங்காவுக்கு உயிர் கொடுப்பது சுண்டிக்குளம் கடல்நீரேரி. கனகராயன் ஆறும் நெத்தலி ஆறும் வன்னியின் மழைநீரை இதில் சேர்க்கின்றன. கிழக்கே ஒடுங்கிய மணல்திட்டு, அதற்கப்பால் வங்காள விரிகுடா. ஐப்பசி தொட்டு மார்கழி வரை மாரி மழையில் நீர் பெருகி உப்புத் தணியும். கோடையில் நீர் வற்றிச் சேறு வெடித்து உப்புப் பூக்கும். மழைநீர் கொண்டுவரும் வண்டலிலும் கண்டல் மரங்கள் உதிர்க்கும் இலையிலும் இறாலும் புழுவும் சிறுமீனும் பெருகுகின்றன. நீர்மட்டம் இறங்க இறங்க அவை பறவைகளின் அலகுக்கு எட்டுகின்றன.

மாரிகாலத்தில் வடக்கே குளிர்நாடுகளிலிருந்து ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, கருவால் மூக்கன், கோட்டான், உள்ளான் முதலியவை வந்திறங்கும். உள்ளான் மேற்சேற்றைக் கொத்தும். கோட்டான் வளைந்த நீண்ட அலகை ஆழச் செலுத்தி நண்டையும் புழுவையும் எடுக்கும். ஒரே சேற்றில் இத்தனை இனங்கள் பிழைப்பது இப்படித்தான். பூநாரையோ தலையைக் கவிழ்த்து, அலகால் நீரை வடித்து இரை தேடும். கூட்டமாக அவை நிற்கும் காட்சிக்கு ஈடாக வடக்கில் வேறொன்றைச் சொல்வது கடினம். முதலையும், பற்றைக்காடுகளில் சிறுத்தை, கரடி, மான் ஆகியனவும் உள்ளன.

2004 ஆழிப்பேரலையும் 2009 வரை நீடித்த போரும் இக்கரையைக் கடுமையாகத் தாக்கின.

இனி எண்ணவேண்டியது நீரைப் பற்றி. பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் வகுத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ திட்டம், சுண்டிக்குளத்தோடு இணைந்த ஆனையிறவுக் கடல்நீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்காலால் வடமராட்சிக் கடல்நீரேரிக்கு அனுப்ப முனைந்தது. அந்த ஏரி உடுப்பிட்டிக்கு மேற்கே தொண்டைமானாற்றில் கடலைச் சேர்கிறது. சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரையே நம்பியிருக்கும் குடாநாட்டுக்கு இந்தத் தேவை நியாயமானதே. ஆனால் உப்பும் நன்னீரும் மாறிமாறி வருவதால் வாழும் சேற்றுநிலம், நிரந்தர நன்னீரில் இன்றுள்ளபடி இராது. திட்டத்தை மீண்டும் கையிலெடுப்போர் பறவைகளையும், சுண்டிக்குளம் கடல்நீரேரியில் இறால் பிடித்து வாழும் குடும்பங்களையும் முதற்கணக்கிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும்.