நுண்செயலியின் வளர்ச்சியும் அறிவின் உடைமையும்

உற்பத்திக் கருவி சிக்கலடையுந்தோறும் அதனைப் பற்றிய அறிவு உழைப்போன் கையிலிருந்து உடைமையாளன் பெட்டகத்துக்குச் செல்வது, கைத்தொழிற் புரட்சிக் காலந்தொட்டு நாம் காணும் போக்காகும். கணனியின் வரலாறும் இதற்கு விலக்கன்று. ஆயின், அங்கே எதிர்த்திசையிற் பாய்ந்த ஓர் ஓட்டமும் உண்டு.

1971இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் நுண்செயலியில் ஏறத்தாழ 2,300 திரான்சிஸ்டர்களே இருந்தன. அதன் வரைபடத்தை மேசைமீது விரித்து முழுவதும் படித்தறிதல் தேர்ந்த பொறியியலாளர் ஒருவருக்கு இயலாததன்று. 1985இல் வந்த 386இல் அத்தொகை 275,000 ஆயிற்று. 1993இல் வந்த பென்டியத்தில் 31 இலட்சம். இன்றோ பல நூறு கோடி. இத்தொகை ஈராண்டுக்கொருமுறை இரட்டிக்கும் என 1975இல் கோர்டன் மூர் கூறிய கணிப்பை இயற்கை விதிபோலப் பேசுவோர் உளர். போட்டியிடும் மூலதனம் தனக்குத்தானே விதித்துக்கொண்ட தவணை என்பதே அதற்குப் பொருத்தமான பெயர்.

1991இன் தொடக்கத்தில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோவால்ட்ஸ் 386 கணனியொன்றை வாங்கினார். ஒரே செயலி இரு பணிகளை மாறி மாறிச் செய்யும் விதத்தை அறிய விரும்பிய அவர், ஒரு பணி 'ஏ' என்ற எழுத்தையும் மற்றது 'பி' என்ற எழுத்தையும் திரையில் இடுமாறு சிறு நிரலொன்று எழுதினார். அவ்விளையாட்டே லினக்ஸ் என்னும் இயக்கமுறைமையின் கருவாயிற்று. அவ்வாண்டு செப்டெம்பரில் அதன் மூலநிரலை வெளியிட்ட அவர், 1992இல் அதனை ரிச்சர்ட் ஸ்டால்மன் வகுத்த பொது உரிமத்தின்கீழ்க் கொணர்ந்தார். எவரும் படிக்கலாம், திருத்தலாம். திருத்தியதைப் பிறருக்கு வழங்குவோர் மூலநிரலையும் வழங்குதல் வேண்டும். செயலியின் உட்கட்டமைப்பு நிறுவனத்தின் இரகசியமாகவே நிற்க, அதனை இயக்கும் கலை திறந்த ஏடாயிற்று.

இதன் பயன் 1997 நவம்பரில் தெரிந்தது. செல்லாத கட்டளையொன்று பென்டியத்தை முற்றாக உறையச் செய்யும் என்பது அம்பலமானது. விற்ற சிப்பைத் திருத்த வழியில்லை. லினக்ஸ் ஆக்குநரோ சில நாட்களுள் மென்பொருள்வழித் தடுப்பொன்றை எழுதி, யாவரும் காண வெளியிட்டனர்.

2018 சனவரியில் வெளிவந்த மெல்ட்டவுன், ஸ்பெக்டர் குறைபாடுகளின் கதை வேறு. வேகத்தை நாடிய செயலிகள், தேவைப்படும் என ஊகித்த கட்டளைகளை முன்கூட்டியே செய்து பார்க்கின்றன. ஊகம் பிழைத்தால் விளைவை அழித்துவிடுகின்றன. ஆனால் அதன் தடம் இடைநினைவகத்தில் எஞ்சி, காக்கப்பட வேண்டிய தகவல் அவ்வழியே கசிகிறது. 2017 ஜூனிலேயே செயலி நிறுவனங்களுக்கு அறிவிக்கப்பட்ட இச்செய்தி ஏழு மாதங்கள் சிலரிடமே முடங்கிக் கிடந்தது. வழக்கமாகக் கூடி உழைக்கும் லினக்ஸ் விநியோக நிறுவனங்களை இன்டெல் தனித்தனியே பிரித்துவைத்ததாக, ஆக்குநர் கிரெக் குரோவா-ஹார்ட்மன் அவ்வாண்டே பகிரங்கமாகக் குறைகூறினார். அதே இன்டெல் லினக்ஸுக்கு மிகுதியாக நிரல் எழுதித் தரும் நிறுவனங்களுள் ஒன்று என்பதையும் நாம் மறத்தலாகாது. பொது ஏட்டில் எழுதுவோருட் பெரும்பாலார் இன்று பெருநிறுவனங்களின் சம்பளக்காரர்.

2010இல் கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் தோன்றிய ரிஸ்க்-ஃபைவ் என்னும் செயலிக் கட்டளைத் தொகுதியை, உரிமப்பணமின்றி எவரும் கையாளலாம். எனினும் அக்கட்டளைகளை நிறைவேற்றும் சுற்றமைப்பை மறைத்துவைக்க அதில் யாதொரு தடையுமில்லை.