பால்மரமும் பல் செட்டும்

கோத்தா கோலா மூடா வட்டாரத் தோட்டங்களில் ஒரு காலத்தில் விடியுமுன்னே பால் வெட்டப் போனவர்களுக்கு, ரப்பர் டயராகவும் காலணியாகவும் மாறுவது தெரியும். அதே ரப்பர் மனிதர் வாயில் பல் செட்டாகவும் இருந்தது என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கலாம்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நல்ல பல் செட்டின் அடித்தட்டு தங்கத்திலோ தந்தத்திலோ செய்யப்பட்டது. அது செல்வர்களுக்கே கிட்டியது. பல் இழந்த ஏழை கஞ்சியோடு காலம் கழித்தான்.

1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் அது உறுதிப்படும் என்று கண்டார். கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்தால் ரப்பர் கட்டைபோல் இறுகும். இந்தக் கெட்டி ரப்பருக்கு அவருடைய தம்பி நெல்சன் 1851இல் காப்புரிமை பெற்றார். வல்கனைட் என்ற அந்தப் பொருளை ஈற்றின் அச்சுக்கேற்ப வார்க்க முடிந்தது. பல் செட்டின் விலை இறங்கியது.

ஆனால் 1864இல் ஜான் கம்மிங்ஸ் வல்கனைட் பல் செட்டுக்கே தனிக் காப்புரிமை பெற்றார். அதை வாங்கிய நிறுவனம் பல் மருத்துவர்களிடம் கட்டணம் கேட்டது. கட்டாதவர்கள்மீது வழக்குத் தொடுத்தது. அந்நிறுவனத்தின் பொருளாளர் ஜோசையா பேக்கனை, 1879இல் சான்பிரான்சிஸ்கோ நகரில் சாமுவேல் சால்ஃபன்ட் என்ற பல் மருத்துவர் சுட்டுக் கொன்றார். 1881இல் காப்புரிமை காலாவதியானது.

தொடக்கத்தில் இதற்கு உதவியது அமேசான் காட்டு ரப்பர். 1877இல் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. முதல் உலகப் போர்க் காலத்துக்குள், மலாயா போன்ற நாடுகளின் தோட்ட ரப்பர் காட்டு ரப்பரை மிஞ்சிவிட்டது. அதன் பின்னே இருந்தது நம் முன்னோரின் உழைப்பு.

வல்கனைட்டிலும் ஒரு குறை இருந்தது. பீங்கான் பல் அதில் ஒட்டாது. ஊசி போன்ற கம்பிகளால் பிணைத்தார்கள். 1930களின் பிற்பகுதியில் அக்ரிலிக் வந்தது. அக்ரிலிக் பல்லும் அக்ரிலிக் தட்டும் ஒரே இனம், ஒன்றோடொன்று இணைந்தன. 1955இல் மைக்கேல் புவோனகோர் பாஸ்பாரிக் திராவகத்தால் பல்லின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, அதில் பிசின் ஒட்டச் செய்தார். உலோகத்துக்குச் சாயம் பூசுமுன் தொழிற்சாலைகள் கையாண்ட முறையே அவருக்கு வழிகாட்டியது.

1978இல் இங்கிலாந்தில் பீக் என்ற உறுதியான பிளாஸ்டிக் உருவானது. இலேசானது, உலோகச் சட்டத்துக்கு மாற்றாகப் பல் மருத்துவத்திலும் புகுந்தது. ஆனால் அதன் நிறம் பல்லின் நிறம் அன்று. மேலே பல் நிறப் பிசின் பூச வேண்டும். பீக்கோ எதனோடும் எளிதில் சேராத பொருள்.

சைக்கிள் டியூபில் ஒட்டுப் போடுபவரைப் பாருங்கள். முதலில் தேய்த்துச் சொரசொரப்பாக்குகிறார். பிறகே பசை தடவுகிறார். பீக்குக்கும் அதே நியாயம்தான். அலுமினிய ஆக்சைடுத் தூளைக் காற்றழுத்தத்தால் பீய்ச்சுகிறார்கள். அடர் கந்தகத் திராவகத்தால் அரிக்கச் செய்யும் முறையும் உண்டு. அதன் பிறகு, பிசினோடு கைகோக்கும் இடைப்பூச்சைத் தடவுகிறார்கள். இவ்வளவும் பல் செய்யும் கூடத்தில் நடப்பவை, வாய்க்குள் அல்ல.

ஆகவே நேயர்களே, பல் செட் உடைந்தால் கடைப் பசையால் நீங்களே ஒட்டாதீர்கள். தவறாக ஒட்டிய தட்டு ஈற்றைப் புண்ணாக்கும். பிறகு சரிசெய்வதும் கடினம். உடைந்த துண்டுகளைப் பத்திரப்படுத்தி அரசாங்கப் பல் மருத்துவகத்துக்குக் கொண்டு செல்லுங்கள். இரவில் கழற்றிக் கழுவி, நீரில் இட்டு வையுங்கள். சொந்தப் பல் உள்ளவர்கள் அதைக் காத்துக்கொள்ளுங்கள். எந்தப் பிசினும் அதற்கு ஈடாகாது.