பழசு வேற, பொய் வேற

இந்த எபிசோடு ஒரு பழைய லேப்டாப்ல ஆரம்பிக்குது.

"16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி." வாட்ஸ்அப்ல வந்த இந்த விளம்பரத்தை நம்பி, விருதுநகர்ல ஒரு கடையில 24,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வெளியில ஒரு கீறல் இல்லை. சிவகாசிக்கு, வீட்டுக்கு வந்து செட்டிங்ஸைத் திறந்தா, ரேம் 8 ஜிபி. போன் பண்ணினேன். கடைக்காரர் அசரவே இல்லை. "தம்பி, செகண்ட் ஹேண்ட்னா முன்னபின்ன இருக்கத்தான் செய்யும். பாத்துத்தானே வாங்குனீங்க?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் சட்ட வரலாற்றுக்குள்ள போனேன்.

முதல் நிறுத்தம், 1900-ம் ஆண்டு இங்கிலாந்து. ஒருத்தர் கதிர் அறுக்கும் பழைய இயந்திரம் ஒண்ணை விற்கிறார். போன வருஷம்தான் புதுசா வாங்கினது, ஐம்பது அறுபது ஏக்கர்தான் அறுத்திருக்கும்னு சொல்றார். வாங்கினவர் இயந்திரத்தைப் பார்க்கவே இல்லை. வந்து இறங்கினதும் பார்த்தா, ரொம்பப் பழசு, ஒட்டுப்போட்டு ரிப்பேர் பண்ணது. உடனே புகார் எழுதினார், அப்புறம் திருப்பியே அனுப்பிட்டார். பணம் கேட்டு விற்றவர் வழக்கு போட்டார், தோத்துட்டார். வார்லி எதிர் விப் என்பது வழக்கின் பெயர்.

"அவர் பார்க்கலை, நீ பார்த்தியே"ன்னு கேட்கலாம். அதுக்கு 1967-ல இன்னொரு வழக்கு: பீல் எதிர் டெய்லர். விளம்பரத்தில் '1961 மாடல் ஹெரால்டு கார்'. வாங்கினவர் நேர்ல போய்ப் பார்த்துத்தான் வாங்கினார். அப்புறம்தான் தெரிஞ்சுது, அது ரெண்டு வெவ்வேறு கார்களோட பாதியைச் சேர்த்து வெல்டிங் வெச்சது! விற்றவருக்கே அது தெரியாது. ஆனாலும் வாங்கினவர் பக்கம்தான் தீர்ப்பு. ஏன்னா, கண்ணால பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத விஷயத்துல அவர் நம்பினது விளம்பரத்தைத்தான்.

நம்ம நாட்டில் இதே கொள்கை 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15-வது பிரிவில் இருக்கு. விவரம் சொல்லி விற்றால், பொருள் அந்த விவரத்தோடு ஒத்துப்போகணும். சாம்பிளும் காட்டி விவரமும் சொல்லி விற்றால், சாம்பிளோடு மட்டும் ஒத்துப்போனா போதாது. பழசுங்கறதுக்காக விலக்கு கிடையாது. பழசா இருக்கலாம், சொன்னதுக்கு மாறா இருக்கக் கூடாது.

இது எங்க ஊருக்கு நல்லாவே தெரிஞ்ச பாடம். சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் வளர்ந்தப்போ, அதுக்கு லேபிள் அடிக்கத்தான் அச்சுத் தொழிலும் கூடவே வளர்ந்தது. லேபிளால வாழ்ற ஊர். பட்டாசுல பேரியம் உப்பு கூடாதுன்னு 2018-ல உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்புறம் சிபிஐ விசாரணை நடந்தது. தடை செய்யப்பட்ட ரசாயனம் இருக்குன்னும், பெட்டியில போட்டிருக்கிறதும் உள்ளே இருக்கிறதும் வேறன்னும் 2021-ல நீதிமன்றத்துல பேச்சு வந்தது. 'பசுமைப் பட்டாசு' பெட்டியில இருக்கிற கியூஆர் கோடே போலின்னு புகார். சில பெட்டி பொய் சொன்னா, ஒழுங்கா செய்றவரோட பெட்டியையும் சந்தேகமாத்தான் பார்ப்பாங்க. அந்தப் பார்வையை நானே வெளியூர்ல சந்திச்சிருக்கேன்.

சரி, லேப்டாப்பை என்ன செய்றது? ரெண்டு வழி. திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். இல்லைன்னா வெச்சுக்கிட்டு வித்தியாசத்தைக் கேட்கலாம். ஆனா சும்மா இருந்துட்டு, நியாயமான காலம் கடந்தா, நீங்க ஏத்துக்கிட்டதாத்தான் சட்டம் எடுத்துக்கும். அப்புறம் திருப்ப முடியாது, நஷ்டஈடு மட்டும்தான் கேட்கலாம். அதனால முதல் நாளே எழுத்தில் சொல்லிடணும்.

கடைன்னா நுகர்வோர் ஆணையமும் உண்டு. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த சட்டப்படி, நீங்க குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ரெண்டு வருஷம் அவகாசம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. எங்க மாவட்டத்துக்கு ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூர்ல. வியாபாரியா இல்லாத தனிநபர்கிட்ட வாங்கினா இது பொருந்தாது. ஆனா 15-வது பிரிவு அவருக்கும் உண்டு.

நான் அன்னைக்கு ராத்திரியே விளம்பரத்தையும் ஸ்க்ரீன்ஷாட்டையும் சேர்த்து அனுப்பினேன். "அண்ணே, பழசுன்னு தெரிஞ்சுதான் வாங்கினேன். 8 ஜிபின்னு தெரிஞ்சு வாங்கலை. ரேம் போட்டுக் கொடுங்க, இல்லைன்னா பணம் கொடுங்க."

மூணாவது நாள் பதில் வந்தது: "கொண்டு வாங்க தம்பி."

இந்த எபிசோடை அந்த லேப்டாப்லதான் எடிட் பண்ணியிருக்கேன். இப்போ 16 ஜிபி. மறுபடியும் சந்திப்போம்.