கப்பி: ஓர் ஆங்கிலக் குடும்பப்பெயரின் பிறப்பிடமும் பரவலும்

மழை ஓய்ந்த பிற்பகலில் பள்ளி வேலியை ஒட்டிய வடிகாலைக் குனிந்து பார்க்கும் மாணவர்கள், அதில் திரியும் சிறு மீன்களை நன்கறிவர். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அவற்றை 'லோங்காங் மீன்' என்பதுண்டு. வண்ணவால் விரித்த வகைகள் கடைகளில் கப்பி என்னும் பெயரால் விற்கப்படுகின்றன. கப்பி என்பது மீனின் பெயராவதற்கு முன் ஒரு குடும்பப்பெயர். குடும்பப்பெயராவதற்கு முன் ஒரு பண்ணையின் பெயர். அதற்கும் முன் அதில் ஒளிந்திருப்பது ஒரு தனிமனிதனின் பெயர். இந்த வழியைப் பின்னோக்கி நடந்து பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம். ஒரு பெயரை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும்போது அது எவ்வளவு சொல்லும், எந்த இடத்தில் வாய் மூடிக்கொள்ளும் என்பதையும் இந்நடையில் நாம் காணலாம்.

ஆங்கிலேயரின் குடும்பப்பெயர் நம் பெயர்முறையிலிருந்து ஓர் அடிப்படையில் வேறுபட்டது. நம் இரு நாடுகளின் பதிவேடுகளிலும் தமிழர் பெரும்பாலும் தந்தையின் பெயரையே தம் பெயரோடு சேர்த்து வழங்குகின்றனர். தலைமுறை மாறினால் அப்பெயரும் மாறிவிடும். குடும்பப்பெயரோ தந்தையிடமிருந்து மகனுக்கு மாறாமல் வருவது. 1066ஆம் ஆண்டு நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், முதலில் நிலப்பிரபுக்களிடமும் பின்னர் மெல்ல மெல்ல ஏனையோரிடமும் இவ்வழக்கம் ஊன்றியது. 15ஆம் நூற்றாண்டு தொடங்கும்போது ஆங்கிலக் குடும்பங்களில் மிகப் பலவற்றுக்கு நிலையான பெயர் இருந்தது. 1538இல் தாமஸ் கிராம்வெல்லின் ஆணைப்படி திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஒவ்வொரு பங்கும் ஏட்டில் பதியத் தொடங்கிற்று. ஏழைக் குடியானவனின் பெயரையும் வரலாற்றாசிரியர் தேடிச் செல்ல வாய்ப்பளித்தது அந்த ஏடுதான்.

இப்பெயர்கள் தந்தை பெயர், தொழில், உருவம் அல்லது குணம், இடம் ஆகியவற்றிலிருந்து பிறந்தவை. கப்பி இடத்தால் வந்த பெயர். தென்மேற்கு இங்கிலாந்தில் டோர்செட் என்னும் மாவட்டம் உள்ளது. அதன் மேற்கு ஓரத்தில், லைம் ரீஜிஸ் என்னும் கடற்கரை ஊருக்கு அண்மையில், வூட்டன் ஃபிட்ஸ்பெய்ன் என்ற சிற்றூர். அப்பங்கின் எல்லைக்குள் அடங்கிய மிகச் சிறிய இடமே கப்பி. 13ஆம் நூற்றாண்டு ஆவண வடிவங்களைக் கொண்டு இடப்பெயர் ஆய்வாளர் தரும் விளக்கம் எளியது: குப்பா என்பவனின் வேலியடைத்த நிலம். குப்பா என்பது பழைய ஆங்கில ஆட்பெயர். அதன் பின் நின்ற, வேலியையும் அடைப்பையும் குறித்த சொல், மக்கள் நாவில் தேய்ந்து தேய்ந்து ஓர் இகரமாய்ச் சுருங்கிவிட்டது. முதலெழுத்தின் உகரமும் நிலைக்கவில்லை. 17ஆம் நூற்றாண்டையொட்டித் தென் இங்கிலாந்துப் பேச்சில் இத்தகைய குறில் உகரங்கள் பல, அகரத்தை ஒத்த ஒலியாகத் திரிந்தன. வட இங்கிலாந்தின் பல பகுதிகளில் அவை இன்றும் உகரமாகவே ஒலிக்கின்றன.

இங்கு ஒரு சொல் இடையிட்டுக் கூற வேண்டியுள்ளது. தமிழிலும் கப்பி உண்டு. கிணற்றுக் கயிற்றை உருட்டும் சக்கரத்துக்கு அது பெயர். குப்பன் என்னும் ஆட்பெயரும் நமக்குப் புதிதன்று. இவ்விரண்டையும் கண்டவுடன் 'ஆங்கிலக் கப்பியும் தமிழே' என்று கட்டுரை எழுதும் ஆர்வம் சிலருக்கு எழக்கூடும். மொழிப்பற்றின் பெயரால் இத்தகைய கட்டுரைகள் மாணவர் கைக்கு வருவதை நாம் கவலையோடு பார்த்துவருகிறோம். ஒரு சொல்லின் இன்றைய ஒலி அதன் பழைய ஒலியன்று என்பதை மேலே கண்டோம். ஆவணத்தில் அது முன்பு எவ்வாறு எழுதப்பட்டது, எந்த மண்ணில் வழங்கியது என்னும் இரண்டையும் கேளாமல் ஒலியை மட்டும் நம்பினால், உலகின் எந்தப் பெயரையும் எந்த மொழிக்கும் உரிமையாக்கிவிடலாம்.

எந்த மண்ணில் வழங்கியது என்ற கேள்விதான் நம்மைப் பரவலுக்குக் கொண்டுசெல்கிறது. ஸ்மித் என்பது கொல்லனைக் குறிக்கும் பெயர். கொல்லன் இல்லாத ஊர் இல்லை. ஆகவே அப்பெயர் நூற்றுக்கணக்கான இடங்களில் தனித்தனியே தோன்றியது. அதன் பிறப்பிடம் எது என்று கேட்பதில் பொருளில்லை. ஒரு பண்ணையின் பெயர் அப்படிப்பட்டதன்று. அங்கு வாழ்ந்தவர்களோ, அங்கிருந்து பெயர்ந்து பக்கத்து ஊரில் குடியேறியவர்களோதான் அதனைச் சூட முடியும். அவர்களில் ஆண்வழி தழைத்தால் பெயர் தழைக்கும்; மகன் இல்லாது போனால் பெயரும் போகும். இதனாலேயே இத்தகைய பெயர்கள் அரியனவாகவும், தம் தாய்மண்ணை விட்டு அதிகம் அகலாதனவாகவும் இருக்கின்றன. 1881ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஏடுகள் பிற்காலத்தில் பெயர்வாரியாகப் படியெடுக்கப்பட்டபின், ஒரு குடும்பப்பெயரின் பரவலைப் படமாக வரைந்து பார்ப்பது எளிதாயிற்று. கப்பி என்னும் பெயர் அவ்வேடுகளிலும் டோர்செட்டிலேயே செறிந்து நிற்கிறது. பெயர் பிறந்து ஆறு நூற்றாண்டுக்கு மேலாகியும், நீராவி இரயில் ஓடத் தொடங்கி அரை நூற்றாண்டு கடந்தபின்பும், அதன் நடுவிடம் தான் பிறந்த மாவட்டத்தை விட்டு நகரவில்லை.

இவ்வகை ஆய்வை இங்கிலாந்தில் முதன்முதலாகக் கணக்கிட்டுச் செய்தவர்களுள் தலையாயவர் பெயரே கப்பி என்பது வியப்பானது. ஹென்றி புரூம் கப்பி 1854இல் கார்ன்வாலின் ஃபால்மத் துறைமுகத்தில் பிறந்தார். மருத்துவம் பயின்று கடற்படை அறுவை மருத்துவரானார். 1890இல் அவர் வெளியிட்ட நூலின் பெயரைத் தமிழில் 'பெரிய பிரித்தானியாவில் குடும்பப்பெயர்களின் இல்லங்கள்' எனலாம். கணினியும் இல்லை, கணக்கெடுப்பு ஏடுகளைத் திறந்து பார்க்கும் உரிமையும் இல்லை. அவர் கையாண்டவை மாவட்டந்தோறும் அச்சான வணிக முகவரிக் கையேடுகள். அவற்றிலும் நகர மக்களை ஒதுக்கிவிட்டு உழவர்களை மட்டுமே எண்ணினார். நகரம் நாலாபுறத்தாரும் வந்து கலக்குமிடம். உழவனோ தந்தையின் நிலத்தை விட்டு எளிதில் பெயரான். ஆகவே பெயரின் பழைய இல்லத்தை அறிய உழவனையே கேட்க வேண்டும் என்பது அவர் துணிபு. ஒவ்வொரு மாவட்டத்திலும் 10,000 உழவருக்கு எத்தனை பேர் ஒரு பெயரைத் தாங்குகின்றனர் எனக் கணக்கிட்டார். பின்னர், நாடெங்கும் பரந்த பொதுப்பெயர் முதல் ஒரே மாவட்டத்தோடு பெரிதும் ஒடுங்கிய தனிப்பெயர் வரை ஆறு வகையாகப் பகுத்தார்.

இம்முறையில் குறை இல்லாமல் இல்லை. 10,000 பேருக்கு 7க்கும் குறைவாக வழங்கிய பெயர்களை அவர் விட்டுவிட்டார். தம் வலையை அவர் அகன்ற கண்ணுடையதாகப் பின்னியதால், மிக அரிய பெயர்கள் அதனூடே நழுவிச் சென்றன. ஆனால் அரிய பெயர்தான் ஒரே பிறப்பிடத்தை மிகத் தெளிவாகக் காட்டவல்லது! நிலமற்ற கூலியாளரும் அவர் கணக்கில் இல்லை. கையேட்டில் பெயர் அச்சேறும் தகுதி அவர்களுக்கு இருக்கவில்லை. எனினும், பெயர்களை அகராதியில் வைத்து நோக்கிய காலத்தில் அவற்றை நிலப்படத்தில் வைத்து நோக்கியது பெரிய மாற்றம். அதனை முன்னோடிப் பணி என்று கூற நாம் தயங்கவில்லை.

ஒரு கடற்படை மருத்துவருக்கு ஏன் இந்த நாட்டம்? விடை அவருடைய ஏனைய எழுத்துகளில் கிடைக்கிறது. 1881 முதல் 1884 வரை 'லார்க்' என்னும் கப்பலில் சாலமன் தீவுகளைச் சுற்றி, அத்தீவுகளைப் பற்றி 1887இல் நூல்கள் வெளியிட்டார். 1888இல் இந்தியப் பெருங்கடலின் கீலிங் தீவுகளுக்குச் சென்றார். (அத்தீவுகள் அப்போது நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் பொறுப்பில் இருந்தன, எனவே அவர் சென்றது, ஒருவகையில், சிங்கப்பூரிலிருந்து ஆளப்பட்ட கரைக்கு.) அங்கே அலை ஒதுக்கிய விதைகளை ஆராய்ந்தார். எந்த விதை கடல்நீரில் மிதக்கும், எத்தனை நாள் மிதக்கும், மிதந்து கரையேறியபின் முளைக்குமா என்பனவே அவரை ஆட்கொண்ட கேள்விகள். தாவரப் பரவல் பற்றிய அவருடைய விரிவான நூல்கள் பின்னர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்தன. விதை எவ்வாறு பரவுகிறது என்று கேட்ட அதே மனம்தான், பெயர் எவ்வாறு பரவுகிறது என்றும் கேட்டிருக்கிறது என நாம் கருதுகிறோம். மிதக்கும் விதை கடல் கடக்கும். மூழ்கும் விதை தாய்மரத்தின் அடியிலேயே கிடக்கும். உழவரின் பெயர் மூழ்கும் விதை.

அரிய பெயரைத் தாங்குவோர் அனைவரும் ஒரே மூதாதையின் வழியினரா? கப்பி நூலெழுதிய காலத்தில் இதற்கு விடை காண வழியில்லை. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும் ஒய் நிறப்புரி குடும்பப்பெயரைப் போன்றே பயணம் செய்வதால், இப்போது அதனைச் சோதித்துப் பார்க்கலாம். லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங், மார்க் ஜாப்லிங் ஆகிய இருவரும் 40 பிரிட்டிஷ் குடும்பப்பெயர்களை இவ்வாறு ஆராய்ந்து 2009இல் முடிவுகளை வெளியிட்டனர். ஸ்மித் பெயரினரிடையே தனி உறவு எதுவும் தென்படவில்லை. அட்டன்பரோ போன்ற அரிய பெயரினரிலோ மிகப் பெரும்பாலோர் ஒரே ஆண்வழியைச் சேர்ந்தவர்களாக இருந்தனர்.

இதனைக் கொண்டு, அரிய பெயர் இருந்தால் அது மண்ணின் மைந்தர் என்பதற்குச் சான்று என்று எவரும் முடிவுகட்டிவிடலாகாது. அதே ஆய்வுக்குழு 2007இல் வெளியிட்ட மற்றொரு கட்டுரை இதற்கு மறுப்பாக நிற்கிறது. கிழக்கு யார்க்‌ஷயருக்கே உரிய ஓர் அரிய பெயரைத் தாங்கிய 18 ஆடவர் சோதிக்கப்பட்டனர். அவர்களுள் 7 பேரிடம் இருந்தது மேற்கு ஆப்பிரிக்காவைச் சுட்டும் நிறப்புரி. அவர்களின் குடிவழிகள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி யார்க்‌ஷயர் வரை ஆவணங்களில் தொடர்கின்றன. தம்மை வேறெவராகவும் எண்ணியிராத யார்க்‌ஷயர்க்காரர்களின் குருதியில், பெயரே தெரியாத ஓர் ஆப்பிரிக்க மூதாதை இருக்கிறார். குடும்பப்பெயர் ஓர் இடத்தோடு கொண்ட உறவைச் சொன்னது. அந்த மனிதரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பெண்களைப் பற்றியும் அது சொல்வதில்லை. பிரிஸ்டல் வணிகர் சாமுவேல் கப்பியின் மனைவி சாரா கப்பி 1811இல் பாலம் அமைக்கும் புதுமுறை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றவர். வரலாறு அவரை அறிவது கணவரின் பெயரால். பிறந்த வீட்டில் அவர் சாரா பீச். அவருடைய மகன் தாமஸ் கப்பி, பொறியாளர் புரூனெலோடு இணைந்து நீராவிக் கப்பல்களை உருவாக்கியவர். பிற்காலத்தில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் தொழிற்சாலை நடத்தினார். 1852இல் தொடராக வெளிவரத் தொடங்கிய 'பிளீக் ஹவுஸ்' புதினத்தில் சார்லஸ் டிக்கன்ஸ் ஒரு வழக்கறிஞர் அலுவலக எழுத்தருக்குக் கப்பி என்று பெயரிட்டார். டோர்செட் அறியாத வாசகர்களும் அப்பெயரை அறிந்துகொண்டனர்.

ஆயினும் பெயரைக் கடல் கடத்தியது மீன்தான். இராபர்ட் ஜான் லெச்மியர் கப்பி 1836இல் இலண்டனில் பிறந்து, கரீபியக் கடலின் டிரினிடாட் தீவில் நெடுங்காலம் வாழ்ந்தவர். பள்ளிகளின் கண்காணிப்பாளராகப் பணிபுரிந்துகொண்டே புதைபடிவங்களையும் சிப்பிகளையும் ஆராய்ந்தார். அவர் அனுப்பிய மீன்களைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆல்பர்ட் குந்தர் புதிய இனம் எனக் கொண்டு, 1866இல் கப்பியின் பெயரையே இட்டார். அம்மீனை 1859இலேயே ஜெர்மானியரான வில்ஹெல்ம் பீட்டர்ஸ் வேறு பெயரில் விவரித்திருந்தார் என்பது பின்னர் தெரியவந்தது. முந்திய பெயருக்கே உரிமை என்பது விலங்கியலின் சட்டம். அறிவியல் ஏட்டிலிருந்து கப்பி நீக்கப்பட்டார். மக்கள் வழக்கு அச்சட்டத்துக்குக் கட்டுப்படவில்லை. பார்படோஸ் தீவினர் தம் நீரோடைகளில் மொய்த்த அதே மீனை 'மில்லியன்ஸ்' என்றே அழைத்துவந்தனர். அப்பெயர் பொருத்தமானது, அழகானது, ஆனால் உலகம் அதனை ஏற்றுக்கொள்ளவில்லை. கொசுப்புழுவைத் தின்னும் என்பதற்காக வெப்பமண்டல நாடுகள் பலவற்றின் நீர்நிலைகளில் அம்மீன் விடப்பட்டது. சென்ற இடமெல்லாம் கப்பி என்னும் பெயரும் உடன் சென்றது.

உழவரின் பெயர்கள் இருந்த இடத்திலேயே இருக்கும் என்று கணக்கிட்டுக் காட்டிய ஹென்றி கப்பி, 1926இல் இறந்தார். அவர் இறந்த இடம் மார்ட்டினிக். அது பார்படோசுக்கு வடமேற்கே, டிரினிடாட்டுக்கு வடக்கே, அதே கரீபியக் கடலில் உள்ள தீவு.